கிளாடியேட்டர் சண்டைகள் எல்லாமே சாவில்தான் முடிந்தனவா?

கேள்வி: திரைப்படங்களில் தோற்கும் கிளாடியேட்டர் (பார்வையாளர் முன் ஆயுதத்துடன் மோதும் வீரர்) பெரும்பாலும் களத்திலேயே கொல்லப்படுகிறார். பண்டைய ரோமிலும் அப்படித்தான் நடந்ததா?

பதில்: பலர் மடிந்தார்கள், ஆனால் தோல்வி என்றாலே சாவு என்ற விதி இருக்கவில்லை. சிசிலியில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்வெட்டின்படி, ஃபிளம்மா என்ற சிரிய வீரர் 30 ஆண்டுகள் வாழ்ந்து, 34 முறை களமிறங்கி, 21 முறை வென்றிருக்கிறார். 9 சண்டைகள் சமநிலையில் முடிந்தன. 4 முறை தோற்றும் உயிரோடு விடப்பட்டிருக்கிறார். நீண்ட கோலுடன் நடுவர் ஒருவர் அருகில் நிற்பதை ரோமானிய மொசைக் ஓவியங்களில் காணலாம். திரையில் அவரை அநேகமாகப் பார்க்கவே முடிவதில்லை. மன்னிப்புக்கே இடமில்லாத சண்டைகளைப் பேரரசர் அகஸ்டஸ் தடை செய்தார்.

இந்த ஏற்பாடுகளுக்குக் கருணையைவிடப் பணமே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். பயிற்சிக்கூட உரிமையாளருக்கு ஒவ்வொரு வீரரும் செலவழித்து உருவாக்கிய சொத்து. அதனால்தான் பெர்கமோன் நகரில் இவர்களின் காயங்களைக் கவனிக்க, பின்னாளில் பேரரசரின் மருத்துவராக உயர்ந்த கேலனைப் போன்ற ஒருவர் அமர்த்தப்பட்டார். சட்ட அறிஞர் காயுஸ் தரும் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும்: விழா நடத்துபவர், காயமின்றித் திரும்பும் ஒவ்வொருவருக்கும் 20 தினாரியஸும் (ரோமானிய வெள்ளி நாணயம்), இறந்தவர் அல்லது ஊனமுற்றவர் ஒவ்வொருவருக்கும் 1000 தினாரியஸும் உரிமையாளரிடம் தர ஒப்புக்கொள்கிறார். முன்னது வாடகை, பின்னது விற்பனை என்று காயுஸ் நிதானமாக வகைப்படுத்துகிறார். ஒரே மனிதர் காலையில் வாடகைப் பொருளாகக் களத்துக்குள் நுழைந்து, மாலையில் விற்கப்பட்ட பொருளாகக் கணக்கில் ஏறுகிறார். எந்தப் படத்தின் இரத்தக் காட்சியையும்விட இந்தச் சட்ட வரிகளே என்னை அதிகம் கலங்க வைக்கின்றன.

கேள்வி: 2000-இல் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படத்தில் பேரரசர் கொமோடஸ் களத்தில் இறப்பதும், கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணம் என்பதும் வரலாறுதானா?

பதில்: கொமோடஸ் களத்தில் இறங்கிச் சண்டையிட்டது உண்மை, ஆனால் அவர் இறந்தது அங்கு அன்று. 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில், நார்சிஸஸ் என்ற மல்லர் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். கட்டைவிரலைத் திருப்பிக் காட்டும் வழக்கத்தைப் பழைய இலக்கியம் குறிப்பிட்டாலும், அது எந்தத் திசையில் என்று சொல்லவில்லை. கீழ்நோக்கிய விரலை நம் மனத்தில் ஊன்றியதில், பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1872-இல் தீட்டிய ஓவியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ‘கிளாடியேட்டர்’ படத்தின் இயக்குநருக்கு உந்துதலாக அமைந்ததும் அதே ஓவியம்தான்.