மாலை போட்ட மறுநாள் வலிப்பு வந்தது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டதும் நிறுத்துவார், மலைக்குப் போய் வந்ததும் மறுபடி தொடங்குவார். முன்பெல்லாம் கைநடுக்கமும் தூக்கமின்மையும்தான் இருக்கும். போன ஆண்டு மாலை போட்ட மறுநாள் வலிப்பு வந்துவிட்டது. இந்த ஆண்டும் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. ஆனால் மாலை போடும் நாளன்று வீட்டிலேயே குடியை நிறுத்தக் கூடாது. இரண்டு வாரம் முன்னதாக, மருத்துவமனையில் சேர்த்து நிறுத்துங்கள்.

மூளையின் நரம்பணுக்களை அடக்கி வைப்பது காபா என்ற வேதிப்பொருள், முடுக்கிவிடுவது குளூட்டமேட். மது காபாவோடு சேர்ந்து மூளையை மந்தமாக்கும். தினமும் குடிப்பவரின் மூளை இதை ஈடுகட்ட, காபாவுக்கு இணங்குவதைக் குறைத்து, குளூட்டமேட்டின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் இதனால்தான். அளவு மீறினால் வலிப்பு. பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும்.

ஆண்டுக்கு ஆண்டு மோசமாவதற்கும் காரணம் உண்டு. எலிகளின் மூளையில் மிகச் சிறிய மின்தூண்டலைத் தினமும் கொடுத்துப் பார்த்த கோடார்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் 1969-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். முதலில் ஒன்றுமே செய்யாத அதே தூண்டல், நாளடைவில் வலிப்பை வரவழைத்தது. குடியை விட்டுவிட்டுத் தொடங்குபவர்களுக்கும் இப்படித்தான் நேர்கிறது என்ற கருத்தை 1978-இல் பாலஞ்சர், போஸ்ட் என்ற மனநல மருத்துவர்கள் முன்வைத்தார்கள். ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் மூளையில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. அடுத்த முறை மூளை அங்கிருந்தே தொடங்குகிறது. உங்கள் கணவரின் பழைய கைநடுக்கங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

அதனால் மருத்துவரிடம் போன ஆண்டு வலிப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை முறை மாலை போட்டார், ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று என்று எழுதிக்கொண்டு போங்கள். பல குடும்பங்கள் வெட்கப்பட்டு இதை மறைத்துவிடுகின்றன. மருந்தின் அளவைத் தீர்மானிக்க எங்களுக்கு வேண்டியதே இதுதான். மூளையின் வேகத்தைத் தணிக்கும் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்போம். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவோம். மருந்துக் கடையில் நீங்களாகவே ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள், இந்த வகை வலிப்பை அது தடுக்காது.

வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரத்தில் மறுபடி வரலாம். இரண்டு, மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் ஏற்படலாம், அது உயிருக்கே ஆபத்து.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மலையிலிருந்து திரும்பியதும்தான் அவர் மறுபடி தொடங்குகிறார் என்கிறீர்கள். அந்த வாரத்துக்கும் மருத்துவரிடம் இப்போதே நாள் குறித்துவிடுங்கள்.