தெரிந்தது ஏன் கைவருவதில்லை?

கேள்வி: பாடத்தை நாலு தடவை படிக்கிறேன். எல்லாம் புரிகிறது. தேர்வில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. ஞாபகசக்தி குறைவா?

ஞாபகசக்தியைத் திட்டாதீர்கள். நாலாவது தடவை படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதை மனம் 'தெரிந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வு கேட்பதோ புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்துத் தருவதை. அதை நீங்கள் ஒருநாளும் பழகவில்லையே! ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பக்கம் படித்ததும் மூடிவைத்து வெற்றுத்தாளில் எழுதுங்கள். மூன்றாவது வரியிலேயே திணறுவீர்கள். திணறட்டும். எது நினைவில் நிற்கவில்லை என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களை மனதில் வைத்திருக்கலாமாமே?

ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் சொன்னது அது. பின்னால் நெல்சன் கோவன் போன்றவர்கள் சுமார் நாலுதான் என்றார்கள். பத்து இலக்க எண்ணை மூன்று துண்டாக உடைத்து வைத்துக்கொண்டால் இரண்டு கணக்கிலும் தப்பிக்கலாம்.

கேள்வி: வேலை செய்துகொண்டே மெசேஜுக்குப் பதில் போடுவேன். எனக்கு அது பழக்கம். தப்பா?

சின்னச் சோதனை. ஒன்று முதல் ஏழு வரை வேகமாகச் சொல்லுங்கள். அப்புறம் ஞாயிறு முதல் சனி வரை. சரி, இப்போது கலந்து: ஒன்று ஞாயிறு, இரண்டு திங்கள்... செவ்வாய் தாண்டும்போதே நாக்கு தடுக்கும். தெரியாத எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் மனம் கட்டும் சுங்கம் அது. பழக்கம் அதைக் குறைக்கலாம், ஒழிக்காது.

கேள்வி: நன்றாகக் கைவந்த வேலைதான். யாராவது பார்த்தால் தடுமாறுகிறேன்.

அவர் பார்ப்பதைவிட, உங்கள் கையை நீங்களே பார்க்கத் தொடங்குவதுதான் சிக்கல். ஓர் ஆய்வில் தேர்ந்த கால்பந்து வீரர்களிடம், பந்தைக் காலால் தட்டி ஓட்டிச் செல்லும்போது காலின் எந்தப் பக்கம் பட்டது என்று கவனிக்கச் சொன்னார்கள்; வேகம் குறைந்தது. காதில் வேறு சொற்களைக் கேட்கவைத்தபோது அவ்வளவு பாதிப்பில்லை. புதியவர்களுக்கு நேர்மாறு: கவனித்தால்தான் வரும். அதனால் நீங்கள் ஒவ்வொரு அசைவையும் சரிபார்க்காமல், வேலை முடியும் இடத்தில் கண்ணை வையுங்கள்.