நின்றுபோன சினிமா பாட்காஸ்ட்டை மறுபடி தொடங்குவது: கேள்வி பதில்

எட்டு வருடமாக சினிமா பாட்காஸ்ட் செய்கிறேன். நடுவில் அம்மாவின் சிகிச்சைக்காகப் பதினான்கு மாதம் எல்லாம் நின்றது. அதற்குப் பிறகு மறுபடி தொடங்கியதில் கற்றுக்கொண்டதை வைத்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: பத்து மாதமாக எபிசோடு போடவில்லை அக்கா. பழைய ஆட்கள் இருப்பார்களா? புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கிவிடலாமா?

வேண்டாம். ஒருவர் உங்கள் பாட்காஸ்ட்டைப் பின்தொடரும்போது அவருடைய ஆப் பிடித்துவைத்திருப்பது உங்கள் ஃபீடின் (எபிசோடுகளின் பட்டியல் இருக்கும் இணையக் கோப்பு) முகவரியை. அதை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கும். பத்து மாதம் கழித்து ஒரு எபிசோடு போட்டாலும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும். புது ஃபீடு என்றால் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான். பெயரை மாற்ற ஆசை இருந்தால் அதே ஃபீடுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் டவுன்லோடு குறைவாக இருந்தால் மனம் உடைய வேண்டாம். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில், வந்த எபிசோடுகளை ஒருவர் கேட்காமலே விட்டுவந்தால் தானாக டவுன்லோடு ஆவது நின்றுவிடும். பட்டியலில் எபிசோடு இருக்கும், அவர் வந்து தொட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே நிறுத்தியவர் என்றால் உங்கள் பக்கத்தில் அந்த இணைப்பு இன்னும் கிடக்கும், எடுத்துவிடுங்கள்.

ஹோஸ்டிங்கை, அதாவது எபிசோடுகளை இணையத்தில் வைத்திருக்கும் சேவையை, மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருவதை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் உள்ள அடையாள எண் (ஜியுஐடி) மாறக் கூடாது. மாறினால் பழைய எபிசோடுகள் எல்லாம் புதுசு போல மறுபடி வந்து குவியும்.

கேள்வி: மைக்கும் ரெக்கார்டரும் ஒரு வருடமாகப் பெட்டிக்குள். அப்படியே எடுத்துப் பேசலாமா?

முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். என் ரெக்கார்டரில் இரண்டு அல்கலைன் பேட்டரியைப் போட்டபடியே விட்டிருந்தேன். திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, ஒரு நாள் காயவிட்ட பிறகுதான் உயிர் வந்தது. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கசிவு தோலை அரிக்கும்.

மைக்கின் நுரை உறையை விரலால் அழுத்திப் பாருங்கள். என்னுடையது கருப்புத் தூளாக விரலோடு வந்தது. அந்தத் தூள் மைக்குக்குள் இறங்கக் கூடாது, உதிரும் உறையைக் கழற்றிப் புதுசு போடுங்கள். ரெக்கார்டரின் தேதியும் நேரமும் அழிந்திருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, உங்கள் கடைசி எபிசோடோடு அடுத்தடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: முதல் எபிசோடில் ஏன் நின்றது என்று விளக்க வேண்டுமா?

ஒரே வாக்கியம் போதும். "வீட்டில் ஒரு நெருக்கடி, இப்போது திரும்பிவிட்டேன்." உடனே படத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. வருடக்கணக்கில் கூட வந்தவர்கள். அவர்களிடம் மனம் விட்டுப் பேசாமல் படத்துக்குத் தாவுவது மரியாதையா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபத்தைந்து நிமிடம் விளக்கம் பேசிப் பதிவும் செய்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அதில் பாதி அம்மாவின் உடம்பைப் பற்றியது, அதைச் சொல்லும் உரிமை அம்மாவுக்குத்தான். இரண்டு, அந்த எபிசோடு ஆவணமாக அங்கேயே இருக்கும். மூன்று வருடம் கழித்து அந்தப் படத்தைத் தேடி வருபவர் இருபத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் குறுக்கே வருகிறேன். நான் விரும்பிக் கேட்ட ஒருவர் முக்கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டார், "இனி வாரா வாரம்" என்றார். அதற்குப் பிறகு எபிசோடே இல்லை.

நான் பயப்படுவதும் இதற்குத்தான். மன்னிப்பு நீண்டால் கூடவே வாக்குறுதி வரும், அந்த வாக்குறுதி அடுத்த எபிசோடின் மேல் பாரமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆனாலும் முதலில் மறுத்தவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. உடன் பேசியவர் இறந்துவிட்டார், அல்லது விலகிவிட்டார் என்றால் ஒரு வாக்கியம் போதாது. கேட்பவர்களுக்கு அந்தக் குரலோடு உறவு இருந்தது, அவர்களிடம் முழுதாகச் சொல்லத்தான் வேண்டும். அதைத் தனி எபிசோடாகப் பதிந்து "போனஸ்" என்று குறித்துப் போடுங்கள். வேண்டியவர் கேட்பார், படத்துக்காக வருபவருக்கும் தடையில்லை.

கேள்வி: எப்போது திரும்புகிறேன் என்று தேதி அறிவிக்கலாமா?

மூன்று எபிசோடு எடிட்டிங் முடிந்து கையில் இருக்கும்போது.

கேள்வி: பழைய எபிசோடுகளின் ஒலி மோசம். எல்லாவற்றையும் அழித்துப் புது ஃபீடில்...

அழிக்காதீர்கள். புது ஃபீடு வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இடைவெளியில் வந்த அறுபது படங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் புதுப் படங்களுக்குப் போக வேண்டுமா?

அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். பார்க்காமலே நினைவிலிருந்து எத்தனை காட்சி சொல்ல முடிகிறது என்று எழுதுங்கள். மூன்று படம் தேறலாம், அந்த மூன்றைப் பேசுங்கள். வெளியான வாரத்தில் பேசுபவரிடம் வசூலும் ஆரவாரமும் இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பேசுபவரிடம் படத்தில் எது தங்கியது என்பது இருக்கும். ஆனால் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள். என் நினைவில் மழையில் நடந்த ஒரு காட்சி, திரும்பப் பார்த்தபோது வெயிலில் நடந்தது. மழைச் சத்தம் அதற்கு அடுத்த காட்சியில் இருந்தது. அந்த ஒரு தவறிலிருந்தே முழு எபிசோடும் கிடைத்தது.

கேள்வி: ஒலி அளவு எவ்வளவு வைக்க?

ஸ்டீரியோ என்றால் -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோ என்றால் -19. உச்சம் -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: ட்ரெய்லர் ஒலியைச் சேர்க்கலாமா? விளம்பர வருமானம் எப்படி?

முதலாவதை உங்கள் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் சேர்ப்பதில்லை, காட்சியை வாயால் சொல்லிவிடுவேன். விளம்பரம் என் துறை இல்லை.

கேள்வி: புது சேனல், புது ஃபீடு என்று போனால் ஒரு உற்சாகம் வருமே?

வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: மைக் முன்னால் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை அக்கா. முன்பு சரளமாகப் பேசுவேன்.

எனக்கும் மூன்று வாரம் அப்படி இருந்தது. ஒரு தோழியை எதிரில் உட்காரவைத்து, அவள் பார்க்காத ஒரு படத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் சொன்னேன். கதவு எந்தப் பக்கம், யார் முதலில் பேசுகிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று. ரெக்கார்டர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அவள், "அந்தப் பையன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவள் நாற்பது நிமிடம் பேசியிருந்தேன்.