ஜாவா: கேரக்டரைத் திருப்பித் தரும் ரீட் முறை எழுதினேன், லூப் முடியவே இல்லை

உங்கள் ரீட் முறை கேரக்டரைத் திருப்பித் தராமல், ஜாவாவின் ரீடர் வகுப்பில் உள்ளதுபோல இன்ட் (முழு எண்) மதிப்பையே திருப்பித் தரட்டும். கேரக்டர் வகை 0 முதல் 65535 வரையுள்ள எண்களை மட்டுமே தாங்கும் என்பதால், உரை முடிந்துவிட்டது என்று சொல்லும் -1க்கு அதில் இடமே இல்லை.

லூப் முடியாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: உள்ளே வந்த -1, கேரக்டராக மாறும்போது 65535 ஆகிவிடுகிறது; அதன்பின் -1 உடன் ஒப்பிட்டுப் பயனில்லை. (பைட்டாக மாற்றினால் தொல்லை நேர்மாறானது: 255 என்னும் பைட் -1 ஆகி, கோப்பு பாதியிலேயே முடிந்ததாகத் தோன்றும்.)

சரிபார்க்க, 'அஆஇ' என்ற சரத்தை ஸ்டிரிங்ரீடர் வழியாகக் கொடுத்து, கிடைக்கும் மதிப்புகளை எண்ணாக மாற்றி அச்சிடுங்கள். 2949, 2950, 2951 என வந்த பிறகு 65535 மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால், காரணம் இதுவே என்பதில் ஐயமில்லை.

வரி வரியாகப் படிக்கும் முறையும் எழுதினால், அது முடிவில் null (எதுவும் இல்லை என்னும் மதிப்பு) தரட்டும்; வெற்றுச் சரத்தைத் தந்தால், நடுவிலுள்ள வெற்று வரியையும் முடிவு என்றே நினைக்க நேரும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இன்ட் மதிப்பைத் திருப்பித் தந்தாலும் ஓர் அழைப்புக்கு ஒரு முழு எழுத்து கிடைக்கும் என்பதில்லை, 'கோ' இரண்டு அழைப்புகளில்தான் வரும், பெரும்பாலான எமோஜிகளும் அப்படியே.