அப்பாவுக்கு 132-ல் இல்லாத சர்க்கரை நோய் எனக்கு 128-ல் எப்படி?

கேள்வி: எனக்கு வயது 44. போன மாதம் வெறும் வயிற்றில் சுகர் பார்த்ததில் 128. சர்க்கரை நோய் என்கிறார் டாக்டர். பழைய கோப்புகளைப் புரட்டியபோது அப்பாவின் 1994-ம் வருட ரிப்போர்ட் கிடைத்தது. அவருக்கு 132 (பிளாஸ்மா என்று குறிப்பிட்டிருக்கிறது). கீழே 'சர்க்கரை நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அப்பா இன்று இல்லை. அன்று பார்த்தவர் கோட்டை விட்டுவிட்டாரா? 'குடும்பத்தில் யாருக்காவது உண்டா' என்று கேட்டால் நானும் தம்பியும் என்ன சொல்வது?

பதில்: அப்பாவைப் பார்த்த டாக்டர் மேல் மனத்தாங்கல் வேண்டாம். அவர் எழுதியது அன்றைக்குச் சரி. உங்கள் டாக்டர் சொல்வது இன்றைக்குச் சரி. இடையில் நகர்ந்தது 'சர்க்கரை நோய்' என்ற சொல்லின் எல்லைக்கோடு.

1994-ல் மருத்துவர்கள் கையில் இருந்த அளவுகோலின்படி, வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவப் பகுதி) 140 மில்லிகிராமைத் தொட்டால்தான் சர்க்கரை நோய். 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இதை 126-ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 1999-ல் அதையே ஏற்றது. காரணம் இதுதான்: குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 200-ஐத் தாண்டுகிறவர்களில் பலருக்கு, வெறும் வயிற்றில் 140 எட்டுவதே இல்லை. ஒரே ஆள் ஒரு பரிசோதனையில் நோயாளி, இன்னொன்றில் நோயில்லாதவர்! சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பும் 140-க்குக் கீழேயே தலைகாட்டத் தொடங்குவது ஆய்வுகளில் தெரியவந்தது. கோட்டை இறக்காமல் விட்டிருந்தால் பலருக்குக் கண் கெட்ட பிறகுதான் நோய் தெரிந்திருக்கும்.

இந்தச் சொல் இதற்கு முன்னும் நிறைய தூரம் நடந்திருக்கிறது. 'மதுமேகம்' என்ற பழைய பெயரைப் பாருங்கள்: தேன்போல் இனிக்கும் சிறுநீர் என்று பொருள். அன்று நோயைக் காட்டிக்கொடுத்தது சிறுநீர். ஆனால் ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். 128 உள்ள உங்கள் சிறுநீரில் சர்க்கரை தெரிய வாய்ப்புக் குறைவு. பழைய பொருளில் உங்களுக்கு மதுமேகம் இல்லை, இன்றைய பொருளில் நீரிழிவு இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. இன்னொரு நாள் ஃபாஸ்டிங் பாருங்கள், அல்லது எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். ஃபாஸ்டிங்கில் மறுபடியும் 126-ஓ அதற்கு மேலோ, எச்பிஏ1சியில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் உறுதி. உங்கள் டாக்டர் இதை இன்னும் செய்யச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பிளாஸ்மா என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பழைய ரிப்போர்ட்களில் முழு ரத்தத்தில் பார்த்த அளவும் உண்டு. அது பிளாஸ்மா அளவைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாகக் காட்டும். இந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டு எண்களை ஒப்பிடவே கூடாது.

பழைய கோப்புகளில் பெயர்களும் ஏமாற்றும். ஓர் அம்மா பதற்றத்தோடு என்னிடம் வந்தார்: "எனக்குப் பதினோராவது வகை சுகராம் டாக்டர்!" அவர் நீட்டிய தாளில் டைப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் இரண்டு, பார்ப்பதற்கு அப்படியே 11. ரோமன் எண்ணை விட்டு 1, 2 என்று எழுத 1997-ல் முடிவு செய்ததற்கு இந்தக் குழப்பமே காரணம். 'இன்சுலின் சார்ந்தது', 'சாராதது' என்ற பெயர்களையும் அப்போதே கைவிட்டார்கள். டைப் 2 உள்ளவர் பின்னாளில் இன்சுலின் போட ஆரம்பித்தால், நோயின் வகையே மாறிவிட்டதுபோல் அந்தப் பெயர்கள் காட்டின.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 'குடும்பத்தில் உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லாதீர்கள். 'உண்டு' என்றும் சொல்ல வேண்டாம். "அப்பாவுக்கு 1994-ல் ஃபாஸ்டிங் பிளாஸ்மா 132" என்று எண்ணையும் வருடத்தையும் சொல்லுங்கள். மிச்சத்தை டாக்டர் புரிந்துகொள்வார். ஒரே ஒரு ரிப்போர்ட் என்பதால் அப்பாவுக்கு இன்று நாம் முத்திரை குத்த முடியாது. ஆனால் இன்றைய கோட்டுக்கு மேலே இருந்தார் என்பது உங்கள் இருவருக்கும் முக்கியமான தகவல்.

தம்பியையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு 104 என்று வந்தால் மறுபடியும் குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கச் சங்கத்தின் கணக்கில் 100-லிருந்தே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 110-லிருந்துதான். லேப் எந்தக் கணக்கில் 'நார்மல்' போட்டாலும், அப்பாவின் 132-ஐயும் உங்கள் 128-ஐயும் சேர்த்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.