14 ஸ்மார்ட் சுவிட்ச், 1,950 டாலர்: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: மெல்பர்ன் வெரிபியில் 1980-களில் கட்டிய வீடு எங்களுடையது. விளக்கு சுவிட்சுகள் மொத்தம் 14. கூரையில் 9 வாட் எல்இடி டவுன்லைட் 16 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஃபோன் ஆப்பிலிருந்தும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்சாக மாற்றினால் மின்கட்டணம் குறையும் என்கிறார்கள். இணையத்தில் வெளிநாட்டு டச் சுவிட்ச் 18 டாலருக்குக் கிடைக்கிறது. இங்கே கடையில் 75 டாலர். எலெக்ட்ரீஷியன் கூலி மட்டும் 900 டாலர் கேட்கிறார். திருநெல்வேலியில் எங்கள் வீட்டு வயரிங் முழுவதையும் என் கணவரே செய்தார். 18 டாலர் சுவிட்சை வாங்கி நானே மாட்டிவிடுகிறேன் என்கிறார். பணத்தை ஆஃப்செட் கணக்கிலிருந்துதான் (இதிலுள்ள இருப்புக்கு ஈடாக வீட்டுக்கடன் வட்டி குறையும்) எடுக்க வேண்டும். வீட்டுக்கடன் வட்டி 6%, மின்சாரம் யூனிட் 30 சென்ட். இரண்டு வருடத்தில் வீட்டை வாடகைக்கு விடும் எண்ணமும் உண்டு. எது லாபம்?
– வாசகி, வெரிபி

பதில்: லாபம் என்று பார்த்தால் இரண்டுமே இல்லை. வசதி என்று பார்த்தால் நாலு சுவிட்ச் போதும், அதுவும் சான்று பெற்றது.

முதலில் மின்கட்டணத்தைப் பார்ப்போம். 16 விளக்கும் தினம் சராசரி 5 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், வருடத்துக்கு சுமார் 263 யூனிட். உங்கள் விலையில் 79 டாலர். ஸ்மார்ட் சுவிட்ச் போட்டு அதில் கால்வாசி மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம், அது 20 டாலர். ஆனால் அந்தச் சுவிட்சும் சும்மா இருப்பதில்லை. விளக்கு அணைந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் ரேடியோ விழித்தபடியே இருக்கும். ஒன்றுக்கு அரை வாட் என்றால் 14 சுவிட்சுக்கு வருடத்துக்கு 61 யூனிட், 18 டாலர். ஆக நிகர மிச்சம் இரண்டே டாலர். இதற்காக ஆஃப்செட்டிலிருந்து 1,950 டாலரை (கடை விலையில் 14 சுவிட்சுக்கு 1,050, கூலி 900) எடுத்தால் வருடத்துக்கு 117 டாலர் வட்டி கூடும். விளக்கை எல்இடியாக மாற்றியபோதே பெரிய மிச்சம் வந்துவிட்டது. இனி கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால் வெந்நீரையும் ஏசியையும் பாருங்கள், விளக்கை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கணவர் சொல்லும் வழி. 14 சுவிட்சுக்கு 252 டாலர், கூலி பூஜ்யம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவர் சலித்துக்கொள்வது புரிகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சுவரில் பொருத்திய சுவிட்சை மாற்றுவது உரிமம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. சொந்த வீடு, மெயினை அணைத்துவிட்டோம், ஊரில் இருபது வருட அனுபவம் என்பதெல்லாம் செல்லாது. விக்டோரியாவில் இதைக் கவனிப்பது எனர்ஜி சேஃப் விக்டோரியா. வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியன் மின் பாதுகாப்புச் சான்றிதழ் தர வேண்டும். நாளைக்குத் தீப்பிடித்து, காரணம் அந்தச் சுவிட்ச்தான் என்று தெரிந்தால், உரிமமில்லாத வேலை என்ற வாதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் நாமே கொடுத்ததாகிவிடும். 900 டாலரில் ஒரு பங்கு அந்தக் காகிதத்துக்கான விலை.

சரி, சுவிட்சை மட்டும் இணையத்தில் வாங்கி, மாட்டுவதை எலெக்ட்ரீஷியனிடம் விடலாமா? சான்று இல்லாத சுவிட்சைப் பொறுப்புள்ள எலெக்ட்ரீஷியன் தொடமாட்டார். மாட்டியதற்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு அது நம் சுவருக்குப் பொருந்தவும் பொருந்தாது. இங்கே பிளேட் நீள்சதுரம், இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே 84 மில்லிமீட்டர். மலிவு டச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 86 மில்லிமீட்டர் சதுரப் பிளேட், ஸ்க்ரூ இடைவெளி 60. பிளாஸ்டர் சுவரை வெட்டிப் பூச வேண்டிவரும். உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயிலும் ஒரு தொந்தரவு உண்டு. எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் ஆன் ஆகும் கணத்தில் வழக்கமானதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாதாரண ரிலேயின் முனைகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்லலாம் என்ற யோசனையும் இதோடு கிளம்பும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், எரியத்தான் செய்யும். ஆனால் ஐஎஸ்ஐ முத்திரை இங்கே செல்லாது, ஐரோப்பாவின் சிஇ முத்திரையும் செல்லாது. இங்கே வேண்டியது டிக் அடையாளம் கொண்ட ஆர்சிஎம் முத்திரை.

முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால் அதோடு நிற்காதீர்கள். சுவர் சுவிட்ச் இங்கே மூன்றாம் நிலைப் பொருள், அதாவது அதிக ஆபத்துள்ள பட்டியலில் வருவது. விற்பதற்கு முன்பே அதற்குத் தரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் இஇஎஸ்எஸ் என்ற மின்கருவிப் பாதுகாப்புத் திட்டத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன, யாரும் இலவசமாகத் தேடலாம். பெட்டியில் உள்ள மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒரே வரிசையில் ஒரு பட்டன் உள்ளதற்குச் சான்று இருக்கும், நாலு பட்டன் உள்ளதற்கு இருக்காது. காலாவதித் தேதியையும் பாருங்கள், சான்றிதழ் அதிகபட்சம் 5 வருடத்துக்குத்தான். விற்பவர் ‘எஸ்ஏஏ அப்ரூவ்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். எண் தராவிட்டால் அடுத்த கடை. நியூ சவுத் வேல்ஸ் தனியாகவும் சான்று கொடுக்கிறது, அதுவும் செல்லும்.

பலர் ஏமாறும் இன்னொரு இடம், பெட்டியில் இருக்கும் மேட்டர், ஜிக்பீ சின்னங்கள். அவை ஒரு கருவி மற்றொன்றோடு பேசும் என்பதற்குத்தான் உத்தரவாதம். ஷாக் அடிக்காது என்பதற்கு அல்ல. ஸ்மார்ட் கருவிகள் பேசிக்கொள்ளும் இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் வாங்குவதானால் அலைவரிசையும் முக்கியம்: ஆஸ்திரேலியாவுக்கு 921.4 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவுக்கு 908.4. அமெரிக்கத் தள்ளுபடியில் வாங்கியது இங்கே உள்ள ஹப்போடு (கருவிகளை ஒன்றிணைக்கும் மையப் பெட்டி) சேரவே சேராது.

பிராண்டுகளுக்குப் பஞ்சமில்லை. கிளிப்சலின் வைசர், சிமி, மெர்கேட்டர் இக்கூ, பன்னிங்ஸில் கிடைக்கும் டீட்டா எல்லாம் இந்த நாட்டுப் பிளேட்டுக்கே செய்தவை. பழைய சுவிட்ச் பிடித்திருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஷெல்லி போன்ற சிறு ரிலேயும் உண்டு. ஆனால் எதை வாங்குவது என்பதை முடிவு செய்வது பிராண்ட் அல்ல, உங்கள் சுவருக்குள் இருக்கும் நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர்.

உங்கள் வீட்டு வயதில் பல வீடுகளில் நியூட்ரல் கூரையில் விளக்கோடு நின்றுவிடும், சுவிட்ச் வரை இறங்காது. வைஃபை சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அந்தச் சிறு ரிலேகளில் பலவற்றுக்கும் நியூட்ரல் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டே வயரில் ஓடும் வகைதான் வழி. அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே உறிஞ்சும். சுமை குறைவாக, ஒரே ஒரு 9 வாட் எல்இடி இருந்தால், அணைத்த பிறகும் விளக்கு மின்மினிபோல மினுங்கும். கூரையில் விளக்குக்குக் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்குக் கூலி தனி. நியூட்ரலைப் புதிதாக இழுத்தால் இன்னும் செலவு. நீங்கள் வாங்கிய 900 டாலர் மதிப்பீட்டில் இது சேர்ந்திருக்கிறதா? நியூட்ரல் என்ற சொல்லே அதில் இல்லையென்றால் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு காரிடாரில் இரண்டு முனையிலும் சுவிட்ச் இருந்தால் பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளில் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. மறுமுனைக்கும் அதே நிறுவனத்தின் துணைச் சுவிட்ச் வேண்டும், இல்லையேல் யாராவது பழைய பழக்கத்தில் அந்த முனையில் தட்டியதும் ஸ்மார்ட் சுவிட்ச் செத்துவிடும். சீலிங் ஃபேனுக்கு விளக்கு டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) போடவே கூடாது, மோட்டார் சூடாகி உறுமும். டவுன்லைட்டுக்கு டிம்மர் வாங்கினால் எல்இடிக்கு ஏற்ற ட்ரெய்லிங் எட்ஜ் வகை, அதுவும் விளக்கு டிம் ஆகக்கூடியதுதானா என்று அதன் பெட்டியில் பார்த்த பிறகு.

சுவிட்ச் என்பது இருபது வருடம் சுவரில் கிடக்கும் சாமான். ஆப் அவ்வளவு காலம் இருக்குமா? பெல்கின் நிறுவனம் தன் வீமோ ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-உடன் ஆதரவை நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தது. எனவே இணையம் போனாலும் விரலால் தட்டினால் எரிவதும், வெளிநாட்டு சர்வரை நம்பாமல் வீட்டு ஹப்பிலேயே ஓடுவதுமான வகையை எடுங்கள். ஐந்து பத்து டாலர் கூட இருந்தால் பரவாயில்லை.

நான்கு எவை என்று கேட்டால்: வாசல் விளக்கு (அந்தி சாய்ந்ததும் தானாக எரியும், ஊருக்குப் போனால் வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்டும்), ஹால், பெரிய படுக்கையறை, கொல்லைப்புறம். காரிடாருக்குப் பிளக்கில் செருகும் சென்சார் விளக்கே போதும், அதற்கு எலெக்ட்ரீஷியனும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். சுவிட்ச் 300, கூலி சுமார் 350 என்று வைத்தாலும் 650 டாலர். ஆஃப்செட்டில் இழக்கும் வட்டி வருடத்துக்கு 39. இது முதலீடு அல்ல, வசதிக்குக் கொடுக்கும் விலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் நியாயமான விலைதான்.

வேலையின் வரிசை முக்கியம். எலெக்ட்ரீஷியன் முதலில் அந்த நான்கு பிளேட்டையும் கழற்றி நியூட்ரல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு மாடல், பிறகு பதிவேட்டில் சரிபார்ப்பு, கடைசியில் பணம். முதலில் வாங்கிவிட்டு நியூட்ரல் இல்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால், பொருளில் குறையில்லாதபோது கடைக்காரர் பணம் திருப்பித் தரச் சட்டக் கட்டாயம் இல்லை. மதிப்பீட்டில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை விஷயத்துக்கு வருவோம். வரி அலுவலகத்தின் கணக்கில் சுவிட்சும் வயரிங்கும் கட்டடத்தின் பகுதி, எனவே ரிப்பேர் செலவாக ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. வேலை முடிந்த நாளிலிருந்து வருடத்துக்கு 2.5% வீதம் 40 வருடம், அதுவும் வீடு வாடகையில் இருக்கும் காலத்துக்கு மட்டும். 650 டாலருக்கு வருடத்துக்கு 16.25 கழிவு, 30% வரி வரம்பில் இருந்தால் கையில் மிஞ்சுவது சுமார் 5 டாலர். கணவர் தானே மாட்டினால் அவர் உழைப்புக்குக் கழிவு எதுவும் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். பிளக்கில் செருகும் ஹப் வேறு கணக்கு: 300 டாலருக்குள் இருந்தால் ஒரே வருடத்தில் கழிக்கலாம், ஆனால் இப்போது வாங்கி வீட்டில் பயன்படுத்திவிட்டால் அந்த உரிமை போய்விடும். வாடகைக்கு விட்ட பிறகு புதிதாக வாங்குங்கள்.

விக்டோரியாவில் வாடகை வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் மின் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம். பாதுகாப்புச் சான்றிதழையும் சுவிட்சின் சான்று எண்ணையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரு கோப்பில் வையுங்கள். குடித்தனக்காரர் வரும் முன் ஹப்பை ரீசெட் செய்து உங்கள் கணக்கை நீக்கிவிடுங்கள், அவர்கள் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறார்கள் என்பது உங்கள் ஃபோனில் தெரியக்கூடாது.