‘தோபி காட்’: ஒன்றுமே நடக்காத படமா?

கேள்வி: கல்யாணமாகி, மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் டோம்பிவலிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். போன மாதம் ‘தோபி காட்’ என்ற இந்திப் படத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். மனதை விட்டுப் போகவே இல்லை. ஆசை ஆசையாக வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துத் திரும்பவும் போட்டேன். மாமியார் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரர், “பாட்டு இல்ல, சண்டை இல்ல, கதைன்னு ஒண்ணுமே இல்ல. இதுல என்னத்தக் கண்டே?” என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒரு படத்துக்காக அழுவது பைத்தியக்காரத்தனமா? அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
— பெயர் வேண்டாம், டோம்பிவலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லவே இல்லை. எனக்கும் மிகவும் பிடித்த படம் அது. மும்பையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. அந்த ஊரில் வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தொட்டும் தொடாமலும் கடந்து போகிறார்கள் என்பதை இவ்வளவு உண்மையாகக் காட்டிய இந்திப் படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரண் ராவ் இயக்கிய முதல் படம் இது. 2011 ஜனவரியில் வெளியானது. நான்கு பேர் வருகிறார்கள். ஆமிர் கான் நடித்த அருண் ஓர் ஓவியர். நியூயார்க்கிலிருந்து விடுப்பில் வந்து, கேமராவும் கையுமாக ஊரைச் சுற்றும் பணக்காரப் பெண் ஷாய். இவர்கள் இருவர் வீட்டுத் துணியையும் வெளுக்கும் முன்னா, நடிகனாக வேண்டும் என்று கனவு காண்கிறான். நான்காவது யாஸ்மின். கல்யாணமாகி உத்தரப் பிரதேசத்திலிருந்து மும்பைக்கு வந்தவள், ஊரில் இருக்கும் தம்பிக்கு வீடியோவில் பேசிப் பேசிக் கடிதம் அனுப்ப நினைத்தவள். அவள் குடியிருந்த வீட்டுக்கு அருண் வாடகைக்கு வரும்போது அந்த வீடியோ கேசட்டுகள் அவர் கையில் கிடைக்கின்றன.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரிதான். பாட்டு கிடையாது. இடைவேளைகூட இல்லாமல்தான் தியேட்டரில் ஓட்டினார்கள். ஆனால் ஒன்றுமே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணமுறிவு இருக்கிறது, காதல் இருக்கிறது, ஒரு கொலைகூட இருக்கிறது. எதற்கும் படம் நின்று ஒப்பாரி வைப்பதில்லை, அவ்வளவுதான். இசையமைத்த குஸ்தாவோ சாந்தாவோலாயா அர்ஜென்டினாக்காரர், இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். அவரும்கூட இங்கே அழு, இங்கே பயப்படு என்று நமக்குச் சொல்லித் தருவதில்லை.

ஷாய் வீட்டில் தேநீர் வரும் காட்சி நினைவிருக்கிறதா? வேலைக்கார அம்மா ஷாய்க்குக் கோப்பையிலும் முன்னாவுக்குக் கண்ணாடி டம்ளரிலும் கொண்டுவந்து வைப்பார். சாதி, வர்க்கம் என்று அதை வைத்து ஒரு பிரசங்கமே நடத்தியிருக்கலாம். படம் நம்மைப் பார்க்க விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. கவனிக்காமல் விட்டவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. கவனித்தவருக்கோ, அதன் பிறகு அந்த இருவரும் சிரித்துப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் அந்த டம்ளர் கூடவே வரும்.

இன்னோர் இடம். மகாலக்ஷ்மி ஸ்டேஷன் பாலத்தில் நின்றால் கீழே வரிசை வரிசையாகத் துவைகல் தொட்டிகள் தெரியுமே, அந்த வண்ணான்துறையில் பகலெல்லாம் துணி அடிக்கிறான் முன்னா. அதை மறைப்பதில்லை. ஷாய் அங்கேயே வந்து படம் எடுக்கவும் விடுகிறான். ஆனால் ராத்திரி தடியை எடுத்துக்கொண்டு எலி அடிக்கப் போவதை மட்டும் அவளிடம் மூச்சு விடுவதில்லை. (எலி அடிப்பது கற்பனை இல்லை. மும்பை மாநகராட்சிக்காக இரவில் இந்த வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.) ஒரு நாள் அவள் பார்த்துவிடுகிறாள். அவன் ஓடிவிடுகிறான். உழைப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். மனதுக்குப் பிடித்த பெண் முன்னால் நிற்கும்போது அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னாவாக நடித்த பிரதீக் பப்பர் அதை வசனமில்லாமல் உடம்பிலேயே காட்டியிருப்பார்.

இதெல்லாம் எனக்கு. உங்களை அழவைத்தது யாஸ்மின் என்று நினைக்கிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில், “அந்தப் பெண் மழையைக் காட்டித் தம்பியிடம் பேசும்போது எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது” என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான். பாஷை தெரியாத ஊர், ஜன்னலுக்கு வெளியே முன்பின் பார்த்திராத மழை, சொல்ல ஆயிரம் இருந்தும் கேட்க ஆளில்லாத பகல்கள். யாஸ்மினாக நடித்த கிருதி மல்ஹோத்ரா தொழில்முறை நடிகை அல்ல. அதனாலோ என்னவோ, அவள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது நம் வீட்டுப் பெண்ணே பேசுவதுபோல் இருக்கிறது. போகப்போக அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவள் கடைசி கேசட்டைப் பற்றி, பார்க்காதவர்களுக்காக, இங்கே எழுதவில்லை.

ஆகவே, படம் நல்ல படம் என்று வீட்டுக்காரரிடம் வாதாடாதீர்கள். ரசனையை வாதத்தால் மாற்ற முடியாது. முடிந்தாலும் அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் கேட்ட கேள்வியை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். “இதுல என்னத்தக் கண்டேன்னு கேட்டீங்களே, என்னைத்தான் கண்டேன்” என்று தொடங்கி அந்த முதல் வருடத்தைச் சொல்லுங்கள். ஊருக்குப் போனில் பேசும்போது அம்மாவிடம் எதையெல்லாம் மறைத்தீர்கள், லோக்கல் ரயிலில் தனியாக ஏற எப்போது தைரியம் வந்தது, எல்லாவற்றையும். மாமியார் தூங்கிய பிறகு, டிவி ஓடாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்பது வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் அவருக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு அவரே கேட்டால், படம் முழுவதும் வேண்டாம், யாஸ்மின் பேசும் பகுதிகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள். கேட்காவிட்டாலும் வருத்தப்படாதீர்கள். படம் உங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கட்டாயம். அந்தத் தனிமை முதல் வருடத்தோடு தீர்ந்து போகாமல் இன்னும் தொடர்கிறது என்றால், அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் சொல்ல முடியாவிட்டால் அக்கா தங்கையிடம், தோழியிடம் சொல்லுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரிடம். இல்லாவிட்டால் எனக்காவது திரும்ப எழுதுங்கள்.

மாமியார் எழுந்து போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அதே கிரண் ராவ் எடுத்த ‘லாபதா லேடீஸ்’ படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 2024-இல் தியேட்டருக்கு வந்தது. முக்காட்டால் முகம் தெரியாமல் ரயிலில் இரண்டு புது மணப்பெண்கள் மாறிப்போகும் கதை. சிரிப்பும் உண்டு, பாட்டும் உண்டு. அதில் ரயில்வே பிளாட்பாரத்தில் டீக்கடை நடத்தும் மஞ்சு மாயி என்ற அம்மாவை உங்கள் மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.